மலிவு ஐஎல்-2 வாங்கி ஆறு வாரம் திட்டிய கதை

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். இதையே மார்ச் மாதம் எழுத உட்கார்ந்திருந்தால் ஒன்றுதான் கொடுத்திருப்பேன், அதுவும் சைபர் போட வழியில்லாத குறைக்காக. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்த விமர்சனம். கம்பெனி பெயரைப் போடவில்லை. கடைசிவரை படித்தால் ஏன் என்று புரியும், திட்டில் பாதி எங்களுக்கே விழ வேண்டியது.

பொருள் என்னவென்றால் மனித இன்டர்லூக்கின்-2 என்ற புரதம், சுருக்கமாக ஐஎல்-2. இ. கோலை பாக்டீரியாவில் தயாரித்து, சுத்திகரித்து, உறைய வைத்து உலர்த்தி, சின்னக் குப்பியில் 50 மைக்ரோகிராம் அடைத்துத் தருகிறார்கள். லேபில் எல்லாரும் வயல் என்றுதான் சொல்வோம், ஆனால் தமிழில் எழுதினால் நெல் வயல் ஞாபகம் வருகிறது, அதனால் குப்பி என்றே வைத்துக்கொள்கிறேன். லேபிளில் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று போட்டிருக்கும். மனிதருக்குப் போடும் ஐஎல்-2 மருந்து வேறு. அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992-லும், பரவிய மெலனோமாவுக்கு 1998-லும் அனுமதி பெற்றது அது. நாங்கள் வாங்கியது செல் கல்ச்சருக்கு, அதாவது லேபில் செல் வளர்க்க.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில் புவன விஸ்தா பக்கம், பயோபோலிஸ் ஆராய்ச்சி வளாகத்தில். நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களை வளர்ப்பதுதான் பிழைப்பு. பஃபி கோட் என்ற ரத்தப் படலத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, டி செல்களை மட்டும் எடுத்து, சிடி3 சிடி28 பீட்ஸ் என்ற, டி செல்லைத் தூண்டும் நுண்மணிகளைப் போட்டு உசுப்பிவிட்டு, அப்புறம் ஐஎல்-2 ஊற்றி ஊற்றி வளர்க்க வேண்டும். உசுப்பிய டி செல்லுக்கு ஐஎல்-2 என்பது சாப்பாடும் உத்தரவும் சேர்ந்த மாதிரி. இருந்தால் பெருகும், நிறுத்தினால் வாடிச் சாகும். 1976-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மார்கன், ரஸ்செட்டி, காலோ மூவரும் இதைக் கண்டபோது டி செல் வளர்ச்சிக் காரணி என்றே பெயர் வைத்தார்கள். 1983-ல் ஜப்பானில் தனிகுச்சி குழு மரபணுவைப் பிரித்தெடுத்த பிறகுதான் பாக்டீரியாவில் லிட்டர் லிட்டராகத் தயாரிக்க முடிந்தது. அதற்கு முன்னால் மற்ற செல்களை உசுப்பி, அவை கக்கும் திரவத்தை வடிகட்டித்தான் ஊற்றுவார்களாம். எங்கள் பாஸ் அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் படித்தவர், குப்பி விலையைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் இந்தக் கதையை எடுத்துவிடுவார்.

விலைக்கு வருகிறேன். பல வருடமாக ஒரு பெரிய பிராண்டுடையதுதான் வாங்கிக்கொண்டிருந்தோம். 50 மைக்ரோகிராம் 500 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல், அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. போன வருடக் கடைசியில் கிராண்ட் பணம் இறுகியது, எல்லாச் செலவுக்கும் கொட்டேஷன் மூன்று வாங்கு என்று மேலிடத்து உத்தரவு. அப்போதுதான் இந்தப் புதுக் குப்பி கண்ணில் பட்டது. அதே 50 மைக்ரோகிராம், அதே இ. கோலை, அதே 133 அமினோ அமிலம், விலை 190 வெள்ளி. தூய்மை 97 சதவீதத்துக்கு மேல், எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு ஒரு மைக்ரோகிராமுக்கு 0.1 யூனிட்டுக்குக் கீழே. பாஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூன்று குப்பி ஆர்டர் போடு என்றுவிட்டார்.

டெலிவரியில்தான் முதல் கோபம். இங்கே விற்பனை முகவர் வழியாகத்தான் வரும். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம், எல்லாரும் ரீயூனியன் டின்னருக்குக் கிளம்பிய பிறகு, லோடிங் பேயில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். போன் இல்லை, மெசேஜ் இல்லை, கையெழுத்து வாங்கவில்லை. நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் பெட்டி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, உள்ளே ஜெல் ஐஸ் முழுக்க உருகி வெதுவெதுப்பாக. சிங்கப்பூர் லோடிங் பே பிப்ரவரியில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. உலர்த்திய நிலையில் இருக்கும் ஐஎல்-2 சில நாள் அறை வெப்பத்தைத் தாங்கும், அதனால் பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திரவமாக வரும் பொருளாக இருந்திருந்தால் நேரே குப்பைதான்.

குப்பியைத் திறந்தது எங்கள் லேபுக்குப் புதிதாக வந்த தம்பி, ஜோகூர்ப் பையன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, காலிக் குப்பி அனுப்பிட்டாங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 50 மைக்ரோகிராம் என்பது ஒரு உப்புக் கல்லை விடக் குறைவான எடை. உலர்ந்தால் அடியில் மூச்சுக்காற்று படிந்த கண்ணாடி மாதிரி ஒரு படலம், அதுவும் சில குப்பியில் கண்ணுக்கே படாது. மூடியிலும் ஒட்டியிருக்கலாம், அதனால் திறப்பதற்கு முன் பத்து இருபது வினாடி சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற வேண்டும். அவன் சுற்றாமலே திறந்துவிட்டிருந்தான். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டு மூடியின் உள்பக்கத்தையும் சேர்த்துக் கழுவி எடுக்கச் சொன்னேன்.

கரைத்தது எப்படி என்றால், வழக்கம்போல. பல வருடமாக எப்படிக் கரைத்தோமோ அப்படி, பிபிஎஸ் என்ற சாதாரண உப்புக் கரைசலில். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்று வேலை ஸ்டாக் தயாரித்து, சாதாரண பிளாஸ்டிக் டியூபில் பிரித்து, ஒன்றை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டுவோம். கூடவே வந்த ஒற்றைத் தாளை நான் படிக்கவில்லை. தம்பியும் படிக்கவில்லை. பாஸ் படிப்பார் என்று எதிர்பார்ப்பது முறையில்லை.

முதல் கல்ச்சர் ஏழாம் நாளில் எண்ணினோம். பழைய பிராண்டில் சாதாரணமாக இருபது மடங்கு பெருகும் செல்கள், ஆறு மடங்கில் நின்றுவிட்டன. டிரைபான் புளூ போட்டுப் பார்த்தால் நாலில் ஒன்று நீலம், அதாவது செத்தது. டோனர் சரியில்லை என்று விட்டோம், ரத்தம் தருபவருக்கு ஆள் மாறினால் எண்ணிக்கையும் மாறும்தான். இரண்டாம் டோனர், அதே கதை. மூன்றாம் முறை ஒரே டோனர் செல்லை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஃப்ரீசர் மூலையில் கிடந்த பழைய பிராண்டின் மிச்சத்தில் கொஞ்சம், மறு பாதிக்குப் புதுசு. பழையது கொழுகொழுவென்று கொத்துக் கொத்தாக வளர்ந்தது. புதுசு பட்டினி கிடந்த மாதிரி.

முகவருக்கு எழுதினேன், காரசாரமாக. பதிலுக்கு வந்தது ஏற்கெனவே இணையதளத்தில் இருக்கும் அதே பிடிஎஃப். இரண்டாம் மெயிலுக்கு, உங்கள் கேள்வியைத் தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம். மூன்றாம் மெயிலுக்குப் பதிலே இல்லை. இதற்குத்தான் ஒரு நட்சத்திரம் வெட்டியிருக்கிறேன், புரதத்துக்காக இல்லை.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை காப்பிக் கடையில் கோப்பி-ஓ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து லேபில் இருக்கும் ஒரு அண்ணன், என்கே செல் ஆள், கேட்டார்: "பழசுல கேரியர் இருந்துச்சா?" அந்த ஒரு கேள்விக்கு ஆறு வாரம் ஆனது.

பழைய பிராண்டில் கேரியர் இருந்தது. அதாவது ஐஎல்-2 உடன் மாட்டின் சீரம் ஆல்புமின், அதாவது பிஎஸ்ஏ, சேர்த்தே உலர்த்தியிருந்தார்கள். புதுசு கேரியர் இல்லாதது. கேட்லாக்கில் அதைப் பெருமையாகவே போட்டிருந்தார்கள், நாங்களும் கலப்படம் இல்லாதது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம். ஐஎல்-2-க்கு எண்ணெய்த்தன்மை கொஞ்சம் அதிகம், தண்ணீரில் நிம்மதியாக இருக்காது, மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற மெல்லிய கரைசலில் பிளாஸ்டிக் சுவரைப் பார்த்தால் போய் ஒட்டிக்கொள்ளும். பிஎஸ்ஏ நிறைய இருந்தால் சுவரை அது முதலில் பிடித்துக்கொள்ளும், ஐஎல்-2 கரைசலில் தங்கும். எங்கள் பழைய பழக்கம் சரியாக இருந்ததற்கு எங்கள் கைராசி காரணம் இல்லை, குப்பிக்குள் இருந்த பிஎஸ்ஏ காரணம். புதுக் குப்பியில் அது இல்லை. டியூபுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் செல்லுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

தாளை எடுத்துப் படித்தேன். முதல் வரியிலேயே இருந்தது. முதலில் 100 மில்லிமோலார் அசிட்டிக் அமிலத்தில், மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் குறையாமல் கரைக்கவும், மெதுவாக, கலக்கி நுரைக்க வைக்காமல். அப்புறம் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ உள்ள பஃபரில் நீர்க்கவும், சின்னச் சின்னதாகப் பிரித்து உறைய வைக்கவும், உருக்கி மறுபடி உறைய வைக்காதே. ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி லேசாக வினிகர் வாசனை வரும், பயப்பட வேண்டாம், மீடியாவில், அதாவது செல் வளரும் திரவத்தில், ஆயிரக்கணக்கான மடங்கு நீர்த்துப் போகிறது, செல்லுக்கு ஒன்றும் தெரியாது.

அதோடு முடியவில்லை. யூனிட் விஷயம் ஒன்று இருக்கிறது, ஐஎல்-2 வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐஎல்-2-ஐ நானோகிராமில் அளந்தால் போதாது. ஒரு குப்பியில் எவ்வளவு புரதம் என்பது எடை, அதில் எவ்வளவு வேலை செய்யும் என்பது யூனிட். சிடிஎல்எல்-2 என்ற எலி டி செல் வகை ஒன்று உண்டு, ஐஎல்-2 இல்லாமல் உயிர் வாழாது. அதைப் பாதி அளவு வளர வைக்க எத்தனை நானோகிராம் வேண்டும் என்று பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம் போதுமென்றால் ஒரு மில்லிகிராமில் ஒரு கோடி யூனிட், 0.2 வேண்டுமென்றால் ஐம்பது லட்சம். பழைய பிராண்டின் சான்றிதழில் ஒரு கோடி. எங்கள் புதுக் குப்பியின் லாட், அதாவது தயாரிப்புத் தொகுதி, சான்றிதழில் ஐம்பது லட்சம். கேட்லாக்கில் தைரியமாக ஐம்பது லட்சத்துக்கு மேல் என்றுதான் போட்டிருந்தார்கள், பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் பார்க்கவில்லை. மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்று எங்கள் புரோட்டோகாலில் எழுதி வைத்திருந்தது பழைய குப்பிக்கு 100 யூனிட், புதுசுக்கு 50 யூனிட். அந்த ஐம்பதிலும் பாதிக்கு மேல் டியூபில் ஒட்டிக்கொண்டது. செல் எப்படி வளரும்?

இன்னொரு நுணுக்கம். இப்படிக் கணக்குப் போட்டு வரும் யூனிட்டும் சர்வதேச யூனிட்டும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் தரமாதிரியை அதே பரிசோதனையில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் அது சர்வதேச யூனிட். சில கம்பெனி செய்கிறது, சில கம்பெனி வெறும் யூனிட் என்று எழுதி விட்டுவிடுகிறது. இவர்களுடைய சான்றிதழில் ஒப்பிட்டதாகத் தெளிவாக எழுதியிருந்தது, அதற்கு ஒரு சபாஷ்.

சரி, இனி ஊகம் வேண்டாம் என்று நாங்களே சோதித்தோம். டி செல்லை ஒரு ராத்திரி ஐஎல்-2 இல்லாமல் பட்டினி போட்டு, மறுநாள் காலை வெவ்வேறு அளவில் ஐஎல்-2 கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் நிறுத்தி, ஐஎல்-2-இன் உத்தரவை செல்லுக்குள் கொண்டுபோகும் ஸ்டாட்5 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று, செல் செல்லாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்ப்பது. ஏழு நாள் காத்திருக்க வேண்டாம், ஒரே நாளில் பதில். மூன்று வரிசை வைத்தோம்: பழைய பிராண்ட், பிபிஎஸ்ஸில் கரைத்த புதுசு, தாளில் சொன்னபடி கரைத்த புதுசு. பிபிஎஸ் வரிசை பரிதாபமாக வலப்பக்கம் தள்ளிப் போயிருந்தது, அதே பலனுக்கு ஐந்து மடங்கு வேண்டியிருந்தது. தாளில் சொன்னபடி கரைத்தது இரண்டே மடங்குதான் தள்ளியிருந்தது. அச்சை நானோகிராமிலிருந்து யூனிட்டுக்கு மாற்றியதும் அந்தக் கோடு பழைய பிராண்டின் மேலேயே போய்ப் படுத்துக்கொண்டது. தம்பி ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் முகவருக்கு அனுப்பிய மெயிலை நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான்கு டோனர் முடித்துவிட்டோம். ஏழாம் நாள் பதினெட்டு, இருபத்திரண்டு, பத்தொன்பது, இன்னொருவருக்குப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு ஆள் பழைய பிராண்டிலும் பதின்மூன்றுதான், அவர் செல் அப்படி. யூனிட் கணக்கில் இரண்டு மடங்கு ஊற்றினாலும் பழைய விலைக்கு இது இன்னும் குறைவுதான், 190-ஐ இரண்டால் பெருக்கினால் 380. பாதி விலை என்று ஆரம்பத்தில் துள்ளிய துள்ளல் இல்லை, கால்வாசி மிச்சம். பாஸிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், எங்களைப் போல மில்லிலிட்டருக்கு 100 யூனிட்டில் டி செல் வளர்ப்பவர்களுக்கு நிச்சயம் பொருந்தும், ஒரு குப்பியில் இரண்டரை லட்சம் யூனிட், இரண்டரை லிட்டர் மீடியாவுக்கு வரும். புற்றுக்கட்டியிலிருந்து டி செல் எடுத்து வளர்ப்பவர்கள் மில்லிலிட்டருக்கு 6000 யூனிட் ஊற்றும் முறை ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு ஒரு குப்பி 40 மில்லிலிட்டரிலேயே காலி, மில்லிகிராம் அளவில் மொத்தமாக வாங்குவதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். எலி டி செல்லுக்கும் இதே குப்பி போதும், மனித ஐஎல்-2 எலி செல்லில் வேலை செய்யும், தனியாக எலி ஐஎல்-2 வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ஆனால் இதைப் பார்த்துவிட்டு ஐஎல்-2 மாதிரி செல்லுக்குச் செய்தி சொல்லும் எல்லா சைட்டோகைனும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இதே லேபில் ஒருவர் எலி எலும்பு மஜ்ஜையில் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற இன்னொரு சைட்டோகைனின் மனித வகையை ஊற்றிவிட்டு ஒரு வாரம் டென்ட்ரிடிக் செல்லுக்காகக் காத்திருந்தார், ஒன்றும் வரவில்லை, வரவும் வராது.

எண்டோடாக்சின் பற்றி ஒரு வார்த்தை. இ. கோலையில் செய்த எதிலும் அதன் தோலிலிருந்து எல்பிஎஸ், அதாவது எண்டோடாக்சின், ஒட்டிக்கொண்டு வரும். டி செல் மட்டும் இருக்கும் கல்ச்சரில் அவ்வளவு தொந்தரவு இல்லை, மோனோசைட் என்ற வேறு வகை வெள்ளை அணு இருந்தால் அது எல்பிஎஸ்ஸைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிடும், ஐஎல்-2 செய்தது எது, எல்பிஎஸ் செய்தது எது என்று பிரிக்க முடியாது. நாங்கள் கைவசம் இருந்த கிட்டில் சோதித்தோம், சான்றிதழில் சொன்னதற்குள்தான் இருந்தது. பழைய முறைக் கிட்டுக்கு அட்லாண்டிக் கடலோரக் குதிரைலாட நண்டின் நீல ரத்தம் வேண்டும். எங்களிடம் இருப்பது நண்டு ரத்தம் தேவைப்படாத ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி வகை, அதாவது எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்கும் நண்டுப் புரதத்தை லேபில் தயாரித்தது. இந்த வகையை முதலில் உருவாக்கியது இங்கேதான், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங்கும் ஹோ பௌவும், நம் சதுப்புநிலத்து நண்டின் மரபணுவிலிருந்து. மண்டாய் சேற்றுத் திட்டில் அந்த நண்டு இன்னும் இருக்கிறது. கிட்டைத் திறக்கும்போதெல்லாம் தம்பிக்கு இதைச் சொல்வேன், நான்காவது தடவை சொன்னபோது "தெரியும்க்கா" என்றான்.

பிடிக்காதது இன்னும் இரண்டு. லேபிள் ஒட்டும் பசை மோசம், மைனஸ் 80 ஃப்ரீசரில் ஒரு வாரத்தில் உரிந்து, பெட்டி அடியில் லாட் நம்பர்கள் தனியாகவும் குப்பிகள் தனியாகவும் கிடந்தன. வந்த உடனே மார்க்கரில் எழுதிவிடுங்கள். இன்னொன்று, கேரியர் இல்லை, அமிலத்தில் கரைக்கவும் என்ற இரண்டு விஷயத்தையும் குப்பி மேலேயே சிவப்பில் போடலாம். பொடி எழுத்தில், நான்காக மடித்த தாளில் போட்டால் யார் படிப்பார்கள்? படித்திருக்க வேண்டும், தெரியும், ஆனாலும்.

இப்போது அடுத்த ஆர்டர் போட்டிருக்கிறேன், ஆறு குப்பி, எல்லாம் ஒரே லாட், சான்றிதழை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி யூனிட்டைப் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்தேன். ஆர்டரிலேயே பெரிதாக எழுதினேன்: வெள்ளிக்கிழமையும் விடுமுறைக்கு முந்தின நாளும் கொண்டுவர வேண்டாம், வந்ததும் போன் செய்யவும். நேற்று வெள்ளிக்கிழமை, மாலை 5:40-க்குப் போன் வந்தது. லோடிங் பேயில் இருக்கிறாராம்.